பொத்தானில் விளக்கு எரிகிறது. வரவேற்பறையில் மணி அடிக்கிறதா?

தனியாக வசிக்கும் வயதான பெற்றோருக்குப் பிள்ளைகள் வாங்கித் தரும் பொருள்களில் அவசர அழைப்புப் பொத்தானும் இப்போது சேர்ந்துவிட்டது. கழுத்தில் பதக்கம்போல் மாட்டிக்கொள்ள ஒரு சிறு பொத்தான், சுவரிலுள்ள மின்செருகியில் பொருத்திவைக்க ஒரு மணிப்பெட்டி. பொத்தானை அழுத்தினால் மணி அடிக்கும். அட்டைப்பெட்டியின் மேல் ‘100 மீட்டர்’ என்று அச்சிட்டிருக்கும். சிலவற்றில் 300 மீட்டர் என்றுகூட இருக்கும். மூவறை வீட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு 15 மீட்டர்கூட வராது. அதனால் யாரும் அந்த எண்ணைப் பற்றி மேற்கொண்டு யோசிப்பதில்லை.

வாங்கிய அன்று சோபாவில் உட்கார்ந்தபடி ஒருமுறை அழுத்திப் பார்ப்பார்கள். மணி அடிக்கும். எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் முதியவர் வழுக்கி விழும் இடம் சோபா அன்று. ஈரமான குளியலறைத் தரையில், கதவு சாத்தியிருக்கும்போது விழுகிறார். விழும்போது பொத்தான் உடம்புக்கு அடியில் சிக்கிக்கொள்ளலாம். அங்கிருந்து அழுத்தினால் வரவேற்பறையில் மணி அடிக்குமா என்பதை எத்தனை வீடுகளில் சோதித்துப் பார்த்திருப்பார்கள்?

அவசரப் பொத்தானுக்கு மட்டுமன்றி, கதவு திறந்தால் அலறும் உணர்கருவி, ஆள் நடமாட்டத்தைக் கண்டறியும் கருவி, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் புகை எச்சரிக்கைக் கருவி என்று கம்பியில்லாமல் இயங்கும் எல்லாவற்றுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

அந்த 100 மீட்டர் எங்கே அளந்தது?

அட்டைப்பெட்டியில் இருக்கும் தூரம் திறந்தவெளிக்கு உரியது. ஒரு மைதானத்தின் இந்தக் கோடியில் பொத்தான், அந்தக் கோடியில் மணிப்பெட்டி, நடுவே ஒரு மரம்கூட இல்லை, பேட்டரியும் புதியது என்ற நிலையில் கிடைக்கும் தூரம் அது. பொய்யில்லை. ஆனால் யாரும் மைதானத்தில் குடியிருப்பதில்லை.

வானொலி அலை போகப் போகப் பரவி மெலியும். தூரம் இரண்டு மடங்கானால் வந்துசேரும் வலு நான்கில் ஒரு பங்காகிவிடும். இத்தகைய பொத்தான்கள் அனுப்பும் சக்தியும் மிகக் குறைவு. பொதுவாக 10 மில்லிவாட் அளவில், அல்லது அதற்கும் கீழே. 9 வாட் எல்இடி விளக்கு ஒன்று பயன்படுத்தும் மின்சாரத்தில் அது 900ல் ஒரு பங்கு. அக்கம்பக்கத்துக் கருவிகளுக்கு இடையூறு வரக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுப்பாடு. சிங்கப்பூரில் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தி என்பதை வரையறுக்கிறது. மலேசியாவில் அந்தப் பொறுப்பு தொடர்பு, பல்லூடக ஆணையத்துடையது.

இந்த மெலிந்த அலைக்குக் குறுக்கே ஒரு சுவர் வந்தால் என்ன ஆகும்? கணக்கு எளிது. சுவர் அலையின் வலுவைப் பத்தில் ஒரு பங்காக்கினால் 100 மீட்டர் என்பது ஏறத்தாழ 32 மீட்டராகச் சுருங்கும். நூறில் ஒரு பங்காக்கினால் 10 மீட்டர். ஆயிரத்தில் ஒரு பங்கென்றால் மூன்று மீட்டர் சொச்சம்தான். மைதானத்தில் 100 மீட்டர் கேட்ட மணி, குளியலறையிலிருந்து வரவேற்பறைக்குக் கேட்காமல் போவதற்கு இவ்வளவு போதும்.

எந்தச் சுவர் எவ்வளவு குறைக்கும் என்பது அதன் பொருளைப் பொறுத்தது. மரக்கதவும் ஜிப்சம் பலகைத் தடுப்பும் அலையை அதிகம் தொந்தரவு செய்வதில்லை. செங்கல் சுவர் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். இரும்புக்கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் பத்தில் ஒரு பங்கு, சமயத்தில் நூறில் ஒரு பங்குதான் வெளியே விடும். முழு இரும்புத் தகடாக இருந்தால் அலை அதனுள்ளே போகவே போகாது. ஓரத்து இடுக்குகள் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தால்தான் உண்டு.

வீட்டுக்குள்ளேயே ஒரு கோட்டை

வீவக வீடுகளில் பலருக்குத் தோன்றாத ஒரு தடை, எல்லாரும் பாம் ஷெல்டர் என்று சொல்லும் வீட்டுப் பாதுகாப்பு அறை. 1998ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த சட்டத்திற்குப் பிறகு கட்டப்பட்ட கழக வீடுகளில் பெரும்பாலானவற்றில் இது உண்டு. குண்டுவெடிப்பின் அதிர்ச்சியையும் சிதறல்களையும் தாங்கும்படி கம்பி நெருக்கமாகக் கட்டிய தடித்த கான்கிரீட் சுவர், கனமான எஃகுக் கதவு. குண்டுக்குத் தடையாக இருப்பது வானொலி அலைக்கும் தடைதான்.

வழக்கமாக அந்த அறை அரிசி மூட்டை, பெட்டி, விசிறி, பழைய சாமான் போட்டுவைக்கும் ஸ்டோர் ரூமாக ஆகிவிடுகிறது. வரவேற்பறை அழகாக இருக்க வேண்டும் என்று வைஃபை ரவுட்டரையோ எச்சரிக்கைக் கருவியின் தலைமைப் பெட்டியையோ அதனுள்ளே வைத்துக் கதவையும் சாத்திவிடுபவர்கள் உண்டு. கம்பியில்லாக் கருவிக்கு இதைவிட மோசமான இடம் வீட்டில் கிடையாது.

உள்ளே எதுவும் வைக்காவிட்டாலும் பாதுகாப்பு அறையின் ‘நிழல்’ வீட்டுக்குள் விழும். விளக்குக்கு முன் ஆள் நின்றால் பின்னால் இருட்டு விழுவதுபோல, அந்த அறைக்கு இந்தப் பக்கம் மணிப்பெட்டியும் அந்தப் பக்கம் குளியலறையும் இருந்தால் குளியலறை அலையின் நிழலில் இருக்கிறது. மணிப்பெட்டியை வரவேற்பறையின் வேறொரு சுவருக்கு, அலை நடைவழி வழியாகப் போகும்படி மாற்றினாலே நிலைமை மாறிவிடும். பெட்டிக்கும் குளியலறைக் கதவுக்கும் இடையே ஒரு கோடு போட்டுப் பார்த்து, அந்தக் கோட்டில் என்னென்ன குறுக்கிடுகின்றன என்று எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

எல்லை தாண்டி மலேசியாவில் வரிசை வீடுகளில் வசிப்போருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அங்கு உட்சுவர்கள் பெரும்பாலும் செங்கல். ஆனால் அங்கு வேறு தடைகள். வெயில் தணிய ஓட்டுக்கடியில் விரிக்கும் அலுமினியத் தாள் மேல்நோக்கிப் போகும் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். கார் நிறுத்துமிடத்திலும் வாசலிலும் சன்னலிலும் இரும்புக் கிராதி. கிராதியின் கம்பிகளுக்கு நடுவே கை நுழைகிறதே, அலை நுழையாதா என்று தோன்றும். எளிய கருவிகள் பல பயன்படுத்தும் 433 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 69 சென்டிமீட்டர். அதைவிட மிகச் சிறிய கட்டங்களாகப் பின்னிய இரும்பு, அந்த அலைக்குப் பாதி அடைத்த சுவர்போலத்தான். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர்தான், அது கிராதிக்குள் சுலபமாகப் புகும். ஆனால் கான்கிரீட்டைக் கடப்பதில் அது 433ஐவிடச் சோனி. எந்த அலையும் எல்லாவற்றிலும் கெட்டியில்லை.

இரண்டு மாடி கீழே மகள் வீடு

ஒரே புளோக்கில் பெற்றோர் மேல்தளத்திலும் மகளோ மகனோ கீழ்த்தளத்திலும் குடியிருப்பது சிங்கப்பூரில் சாதாரணம். மணிப்பெட்டியைப் பெற்றோர் வீட்டில் வைப்பதற்குப் பதில் மகள் வீட்டில் வைத்துவிட்டால், இரவில் அம்மா அழுத்தியதும் மகள் ஓடிவரலாமே என்ற யோசனை இயல்பானது. இரண்டு தளம் என்றால் ஆறு மீட்டருக்குள்தானே?

தூரம் ஆறு மீட்டர்தான். ஆனால் நடுவே இரண்டு கான்கிரீட் தளங்கள். ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்காக்கினால் இரண்டும் சேர்ந்து நூறில் ஒரு பங்கு. அதற்குமேல் குளியலறைச் சுவர், கதவு. சோபாவிலிருந்து அழுத்தினால் கீழே கேட்கும், குளியலறையிலிருந்து கேட்காது என்ற ஆபத்தான இரண்டுங்கெட்டான் நிலை இப்படித்தான் உண்டாகிறது. முழுக்க வேலை செய்யாத கருவியைவிட இது மோசம். வேலை செய்யாததைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவோம், இதை நம்பிவிடுகிறோம்.

இங்கே ஒரு விந்தையும் உண்டு. அலை எப்போதும் தளத்தைத் துளைத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்பதில்லை. சன்னல் வழியாக வெளியேறி, சன்னல் விளிம்பில் வளைந்தோ எதிர்ப் புளோக்கின் சுவரில் பட்டுத் திரும்பியோ கீழ்வீட்டுச் சன்னல் வழியாக உள்ளே வரக்கூடும். அதனால் நேர் கீழே இருக்கும் அறையின் நடுவில் வைத்த மணிப்பெட்டியைவிட, அதே பக்கச் சன்னலோரம் வைத்த பெட்டி நன்றாக வேலை செய்வது சில வீடுகளில் நடக்கிறது. சன்னல் கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள வெயில்தடுப்புத் தாள் ஒட்டியிருந்தால் இந்த வழியும் அடைபடும்.

வேறு வீட்டுக்கு நம்பகமாகச் செய்தி போக வேண்டுமென்றால் இணையம் அல்லது கைப்பேசிக் கட்டமைப்பு வழியாக அழைக்கும் கருவியே பொருத்தம். அதற்கும் சில பலவீனங்கள் உண்டு. மின்சாரம் போனால் ரவுட்டரும் போகும். கைப்பேசி வழிக் கருவி பழையதாக இருந்தால் அது பேசும் கட்டமைப்பே இல்லாமல் போயிருக்கலாம். சிங்கப்பூரில் 2ஜி 2017ஆம் ஆண்டிலும் 3ஜி 2024ஆம் ஆண்டிலும் நிறுத்தப்பட்டன. மலேசியாவில் 2021 இறுதியில் 3ஜிக்கு விடைகொடுத்துவிட்டார்கள். சுவரில் பச்சை விளக்குடன் அமைதியாகத் தொங்கும் பழைய பெட்டி யாரையும் அழைக்க முடியாத நிலையில் இருக்கக்கூடும்.

உடம்பும் தண்ணீரும் இரும்பும்

மனித உடம்பில் பாதிக்குமேல் தண்ணீர். தண்ணீர் வானொலி அலையை விழுங்கும். பொத்தான் மார்பின் மேல் தொங்கும்போது முன்பக்கம் நன்றாகக் கேட்கும், முதுகுப்பக்கம் மெலிந்து கேட்கும். குப்புற விழுந்து பொத்தான் தரைக்கும் உடம்புக்கும் நடுவே அகப்பட்டால் அலையில் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும். கையில் எடுத்து, உடம்பிலிருந்து சற்றே விலக்கிப் பிடித்து அழுத்தும்படி பெற்றோரிடம் சொல்லிவைக்கலாம். ஆனால் விழுந்து கிடப்பவரால் அது முடியும் என்று எதிர்பார்த்துக் கருவியைப் பொருத்தக் கூடாது.

வீட்டில் தண்ணீரும் இரும்பும் சேர்ந்த இடங்கள் பல. குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், பெரிய மீன்தொட்டி, எஃகு அலமாரி. குளியலறை முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்னால் உள்ள மெல்லிய உலோகப் பூச்சுகூட அலையைத் திருப்பிவிடும். மணிப்பெட்டியைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலோ குளிர்பதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையிலோ ஒளித்துவைப்பது அலையைக் கட்டிப்போடுவதற்குச் சமம். நெஞ்சுயரத்தில், நாலாபக்கமும் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும்படி வைப்பதே நல்லது.

கதவு உணர்கருவியை எஃகுக் கதவிலோ வாசல் கிராதியிலோ நேராக ஒட்டினால், உள்ளே இருக்கும் சிறு அன்டெனா உலோகத்தோடு ஒட்டியபடி கிடந்து தன் இயல்பை இழந்துவிடும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் துண்டை நடுவே வைத்து ஒட்டினாலே வித்தியாசம் தெரியும். உணர்கருவியை மரச்சட்டத்திலும் காந்தத்தைக் கதவிலும் பொருத்த வாய்ப்பிருந்தால் இன்னும் மேல். தலைமைப் பெட்டியிலிருந்து தொங்கும் மெல்லிய கம்பி அசிங்கமாக இருக்கிறதென்று சுருட்டி உள்ளே திணிப்பவர்களும் நறுக்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கம்பிதான் அன்டெனா. 433 மெகாஹெர்ட்ஸ் கருவியில் அது சுமார் 17 சென்டிமீட்டர் இருப்பது கணக்குப் பார்த்து வைத்தது, அலைநீளத்தில் கால்பங்கு.

சந்தை இரைச்சல்

ஈரச்சந்தையில் ஒருவர் மெதுவாகப் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. அலைவரிசைகளும் அப்படித்தான். 433 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் கார்ச் சாவிகள், வாசல் மணிகள், தானியங்கி வாயிற்கதவுகளின் ரிமோட்டுகள் பல இயங்குகின்றன. ஒவ்வொன்றும் நொடிக்கும் குறைவாகவே பேசும் என்பதால் பெரும்பாலும் மோதல் இல்லை. ஆனால் எங்கோ ஒரு ரிமோட்டின் பொத்தான் இழுப்பறைக்குள் ஏதாவது பொருளடியில் அமுங்கிக்கொண்டு விடாமல் அலை அனுப்பினால், அதன் பேட்டரி தீரும்வரை சுற்றியுள்ள கருவிகள் செவிடாகிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் கூட்டம் இன்னும் அதிகம். ஒரு புளோக்கில் கைப்பேசியை எடுத்து வைஃபை பட்டியலைப் பார்த்தாலே தெரியும். நுண்ணலை அடுப்பும் அதே வரிசையில்தான் இரைகிறது.

மலிவான எல்இடி விளக்கின் மின்மாற்றியோ கைப்பேசி மின்னேற்றியோ பக்கத்தில் இருந்தாலும் இரைச்சல் வரலாம். பகலில் வேலை செய்யும் கருவி இரவில் மட்டும் தடுமாறினால், இரவில் மட்டும் போடப்படும் விளக்கை முதலில் சந்தேகப்படலாம்.

இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. ஐரோப்பாவுக்குச் செய்த கருவி 868 மெகாஹெர்ட்ஸிலும் அமெரிக்காவுக்குச் செய்தது 915ஐ ஒட்டியும் பேசக்கூடும். ஒரே நிறுவனத்தின் பெயர் போட்டிருந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று கேட்காது. உள்ளூரில் அனுமதி இல்லாத வரிசையாகவும் இருக்கலாம்.

பேட்டரி குறையும்போது தூரமும் குறையும். நாணய வடிவப் பேட்டரி ஓய்வில் நன்றாக இருப்பதுபோல் காட்டி, அலை அனுப்பும் அந்த ஒரு கணத்தில் துவண்டுவிடும். விளக்கு எரிகிறது என்பதால் பேட்டரி நலம் என்று பொருளில்லை.

விளக்கு எதற்குச் சாட்சி?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பொத்தானை அழுத்தியதும் அதில் சிவப்பு விளக்கு மின்னுகிறது. செய்தி போய்ச்சேர்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். விலை குறைந்த கருவிகள் பலவற்றில் பொத்தான் பேச மட்டுமே செய்யும், கேட்காது. ‘நான் கூப்பிட்டேன்’ என்பதற்குத்தான் விளக்கு சாட்சி. ‘அங்கே கேட்டது’ என்பதற்கு அன்று. மணிப்பெட்டி யாரோ பிடுங்கிவைத்த நிலையில் கிடந்தாலும் பொத்தான் விளக்கு மின்னிக்கொண்டுதான் இருக்கும்.

சற்று விலை கூடிய வகையில் மணிப்பெட்டி பதில் அனுப்பும். பதில் வந்த பிறகே பொத்தான் வேறு நிற விளக்கையோ ஒலியையோ காட்டும். பதில் வராவிட்டால் தானே மீண்டும் முயலும். இன்னும் நல்ல வகையில் ஒவ்வோர் உணர்கருவியும் குறித்த நேரத்துக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று தலைமைப் பெட்டிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். ஒன்று பேசாமல் போனால் பெட்டி எச்சரிக்கும். கடையில் எத்தனை மீட்டர் என்று கேட்பதைவிட, பெட்டியிடமிருந்து பொத்தானுக்குப் பதில் வருமா என்று கேட்பது பயனுள்ள கேள்வி. முதியவருக்கு வாங்குவதாக இருந்தால் அந்தக் கூடுதல் வெள்ளி வீண்போகாது.

புகை எச்சரிக்கைக் கருவியின் கதை இதிலிருந்து சற்று வேறு. சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளில் வீட்டுத் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். புகையைக் கண்டதும் அது தானே அலறும். அதற்கு எந்த அலையும் வேண்டாம். ஒரு கருவி அலறினால் மற்ற அறைக் கருவிகளும் சேர்ந்து அலற வேண்டும் என்று கம்பியில்லாமல் இணைத்திருந்தால் மட்டும் மேலே சொன்ன சுவர்க் கணக்கு அங்கும் வரும். சமையலறைக் கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்திவிட்டு, கதவு சாத்திய படுக்கையறையில் மற்றது அலறுகிறதா என்று பார்க்க வேண்டும். கைக்கு எட்டாத உயரம் என்பதால் முதியவர் இதற்காக நாற்காலியில் ஏறக் கூடாது.

சோதிப்பது எப்படி?

இருவர் வேண்டும். ஒருவர் மணிப்பெட்டி அருகில், மற்றவர் பொத்தானுடன். எல்லாக் கதவுகளையும் சாத்திவிட்டு, வழக்கமாக ஓடும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் தொலைக்காட்சியையும் ஓடவிட்டு, இரவு எரியும் விளக்குகளைப் போட்டுவிட்டுத் தொடங்கலாம். குளியலறையில் நின்றபடி அழுத்தினால் போதாது. தரையில் உட்கார்ந்து, பொத்தானை உள்ளங்கையில் பொத்தி, உடம்போடு அணைத்துக்கொண்டு அழுத்த வேண்டும். மூன்று முறையும் மணி அடிக்க வேண்டும். மூன்றில் இரண்டு என்றால் தோல்வி என்றே கொள்ளலாம். பிறகு சமையலறை, படுக்கையறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட இடுக்கு, துணி காயப்போடும் இடம்.

அடிக்கவில்லை என்றால் உடனே புதிய கருவி வாங்கத் தேவையில்லை. முதலில் மணிப்பெட்டியை ஒரு முழம் நகர்த்திப் பார்க்கலாம். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடங்கள் ஒவ்வோர் அறையிலும் உண்டு. 433 மெகாஹெர்ட்ஸில் அவை ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் இடைவெளியில் வரலாம், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆறு சென்டிமீட்டரில். அதனால்தான் மேசையின் இந்த ஓரத்தில் கேட்காதது அந்த ஓரத்தில் கேட்கிறது. அதற்கும் மசியாவிட்டால் பெட்டியை நடைவழிக்கு மாற்றலாம், அதே பொத்தானோடு சேரும் இரண்டாவது மணிப்பெட்டி ஒன்றை வைக்கலாம், அல்லது அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரை நடுவில் பொருத்தலாம்.

ஒருமுறை சோதித்தது நிரந்தரமில்லை. புதிய அலமாரி வந்தால், கதவு மாற்றினால், பக்கத்து வீட்டில் புதுப்பிப்பு முடிந்தால் மறுபடி பார்க்க வேண்டும். மாதத்தில் ஒருநாள், வாடகை கட்டும் நாளோ சம்பள நாளோ, குறித்துவைத்துக்கொள்ளலாம். பெற்றோரையே அழுத்தச் சொல்வது நல்லது. பிள்ளைகளைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று அழுத்தத் தயங்கும் கைக்கும் அதில் கொஞ்சம் பழக்கம் வரும்.

குளிக்கப்போகும்போது பொத்தானைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இதெல்லாம் உதவாது. தண்ணீர் படலாம் என்று தயாரிப்பாளர் உறுதியளித்த பொத்தானா என்று பார்த்து வாங்க வேண்டும். இல்லையென்றால் குளியலறைச் சுவரில், தரையில் கிடப்பவரின் கை எட்டும் உயரத்தில், கயிறு தொங்கும் இரண்டாவது பொத்தான் ஒன்றைப் பொருத்தலாம். அதையும் தரையில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று முறை இழுத்துப் பார்க்க வேண்டும்.